நிண்டு போன பெண்டுலம் மணிக்கூட்டை வீட்டிலயே ஓட வைக்கிறது எப்பிடி

முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன். உங்கட வீட்டுச் சுவரில ஆட்டம் நிண்டு சும்மா தொங்கிக்கொண்டிருக்கிற பழைய பெண்டுலம் மணிக்கூடு அனேகமா பழுதில்ல, அது சரியா கொழுவப்படேல்ல, இல்லாட்டி உள்ளுக்க எண்ணெய் காஞ்சு பசை மாதிரி இறுகிப்போய் கிடக்கு. இது ரெண்டையும் பாக்க முதல் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதேங்கோ. நான் அப்பிடித்தான் ஓடினன்.

எங்கட வீட்டில இருக்கிறது அம்மப்பாவின்ர மணிக்கூடு, யப்பான்காரன்ர செய்கோஷா, 8 நாள் ஓடுறது, முகத்தில ரெண்டு சாவி ஓட்டை. அம்மப்பா திருகோணமலை டொக்யார்ட்டில வெள்ளைக்காரன் 1957ல தளத்தைக் குடுத்திட்டுப் போகும் மட்டும் வேலை செய்தவர், அந்த நேரம் வாங்கினது. அவர் போன பிறகு ஒருத்தரும் சாவி குடுக்கேல்ல, நான் கொண்டு போய் காட்டின கடையில ஆள் திறந்துகூட பாக்காம "தம்பி, உள்ளுக்க இருக்கிறதை எறிஞ்சிட்டு பற்றரி மெசின் போடுவம், வெளியில பாக்க ஒண்டும் தெரியாது" எண்டார். பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில வந்தன். பிறகு ஒரு மாதம் மினக்கெட்டு படிச்சதும் கையைக் காயப்படுத்திப் பழகினதும்தான் இதில எழுதுறது.

பற்றரி மெசின் எண்டா கூடாத சாமான் எண்டு சொல்லேல்ல. அதுக்குள்ள ஒரு சின்ன குவாட்ஸ் கல்லு செக்கனுக்கு 32,768 தரம் அதிரும், அதை ஒரு சேர்க்கிட் 15 தரம் பாதி பாதியாக்கினா செக்கனுக்கு ஒண்டு வரும், அந்த ஒண்டு ஒரு குட்டி மோட்டரை ஒருக்கா தட்டும், அவ்வளவுதான். 1969 நத்தாருக்கு டோக்கியோவில முதல் குவாட்ஸ் கைமணிக்கூடு விற்பனைக்கு வந்த நாளில இருந்து நேரம் பிடிக்கிறதில எங்கட சாவி மணிக்கூடு தோத்துப்போச்சு. ஆனா அதை 60 வருசத்துக்கு மேல பழைய பெட்டிக்குள்ள வச்சு பெண்டுலத்தைச் சும்மா அழகுக்கு ஆட்ட விடுறது எனக்கு மனசு வரேல்ல.

சரி, உள்ளுக்க என்ன நடக்குது எண்டு விளங்கினா மிச்ச வேலை சுகம். சாவி குடுக்கேக்க ஒரு நீட்டு இரும்புத் தகட்டு ஸ்பிறிங் சுருளுது. அது விரிய வெளிக்கிடுறதுதான் முழு மணிக்கூட்டுக்கும் பெலம். விட்டா அந்த ஸ்பிறிங் 8 நாள் ஓட வேண்டியதை ஒரு நிமிசத்துக்குள்ள "கிர்ர்ர்" எண்டு அவிட்டுப்போடும், அதை மறிச்சு கொஞ்சம் கொஞ்சமா விடுறதுக்குத்தான் கடைசிப் பல்லுச்சில்லுக்கு மேல ஒரு வளைஞ்ச துண்டு இருக்கு. துறைமுக ஊரான எங்கட திருகோணமலையில பிறந்தவைக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்ல, அச்சா நங்கூரம், பேரும் நங்கூரம்தான். பெண்டுலம் இடப்பக்கம் போனா நங்கூரத்தின்ர ஒரு நுனி தூக்கி ஒரு பல்லை விடும், சில்லு கொஞ்சம் சுத்த மற்ற நுனி அடுத்த பல்லைப் பிடிக்கும், அந்த அடிதான் "டிக்". வலப்பக்கம் வரேக்க மற்ற மாதிரி, அது "டொக்". அதோட அந்தப் பல்லு விட்டுப் போகேக்க நங்கூரத்தை ஒரு சின்னத் தள்ளுத் தள்ளிட்டுத்தான் போகும், ஊஞ்சலை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரலால தட்டி விடுற மாதிரி, அதாலதான் பெண்டுலம் நிக்காம ஆடுது. அப்ப ஸ்பிறிங் பெண்டுலத்தை ஆட்டுது, பெண்டுலம் ஸ்பிறிங்கை மறிக்குது. 1656ல ஹொலன்ட்காரர் கிறிஸ்டியான் ஹைஜன்ஸ் பெண்டுலத்தை மணிக்கூட்டில பூட்ட முதல் நல்ல மணிக்கூடே ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் பிழை காட்டும், பூட்டின பிறகு அது செக்கன் கணக்குக்கு இறங்கிட்டுது. நங்கூரம் அதுக்குக் கொஞ்ச வருசத்துக்குப் பிறகு இங்கிலாந்தில வந்தது.

இப்ப வேலைக்கு வருவம். மணிக்கூட்டை எடுத்து பெண்டுலத்தை முதல்ல கழட்டுங்கோ. இதை மறந்திட்டு பெட்டியைச் சரிச்சா, பெண்டுலம் தொங்குற இடத்தில ஒரு கடதாசி மொத்தத்தில மெல்லிய தகட்டு ஸ்பிறிங் இருக்கும், அது முறுகிடும், முறுகினா எவ்வளவு தட்டி நிமித்தினாலும் பெண்டுலம் நேரா ஆடாம வட்டம் போட்டு ஆடும். புதுசுதான் போட வேணும்.

பிறகு சாவியைப் போட்டுப் பாருங்கோ. ரெண்டு ஓட்டை இருந்தா வலப்பக்கம் அனேகமா நேரம் ஓடுறதுக்கு, இடப்பக்கம் மணி அடிக்கிறதுக்கு. எந்தப் பக்கம் திருப்பினா "கிறிக் கிறிக்" எண்டு பிடிக்குதோ அந்தப் பக்கம்தான், மற்றப் பக்கம் பெலன் போடாதேங்கோ. முழுக்க இறுகி இருந்தும் ஓடேல்ல எண்டா எங்கட ஆக்கள் உடன சொல்லுவினம் "சாவி கூடிப்போச்சு" எண்டு. அப்பிடி ஒண்டு இல்ல. எவ்வளவு இறுக்கினாலும் ஸ்பிறிங் முழுசா சுருண்டா அது ஓடத்தான் வேணும், ஓடேல்ல எண்டா ஸ்பிறிங்கின்ர பெலம் நங்கூரம் வரைக்கும் போய்ச் சேரேல்ல, இடையில எங்கயோ எண்ணெய் பசையாகி பிடிச்சிட்டுது. பழி சாவி குடுத்த ஆளுக்கு. பாவம் எங்கட அம்மா எத்தனை வருசமா அந்தப் பேச்சுக் கேட்டிருப்பா.

அடுத்தது எண்ணெய், இதிலதான் கனபேர் பிழை விடுறது. தேங்காயெண்ணெய் கட்டாயம் வேண்டாம், அது நாள் போகப் பழுதாகிப் பிசுபிசுக்கும், எங்கட மணிக்கூட்டுக்கும் யாரோ அதைத்தான் விட்டிருந்தினம், மணத்திலயே தெரிஞ்சுது. டப்பியில வாற ஸ்ப்ரேயும் வேண்டாம், அது அடிச்ச உடன நல்லா ஓடும், பிறகு உள்ளுக்க இருந்த ஊத்தையெல்லாம் கரைஞ்சு போய் ஓட்டைகளுக்குள்ள சேந்து அரைக்கத் தொடங்கும். மணிக்கூட்டு ஒயில் எண்டே ஒண்டு இருக்கு, கிடைச்சா அது, கிடைக்காட்டி நல்ல தெளிஞ்ச தையல் மெசின் ஒயிலோட சமாளிக்கலாம், ஆனா கெதியா காயும், அடுத்தடுத்த வருசம் திருப்பிப் பாக்க வேணும்.

விடுறதுக்கு முதல் பழசைத் துடைக்க வேணும். முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு பித்தளைத் தகடு இருக்கும், ஒவ்வொரு சில்லின்ர அச்சு நுனியும் அந்தத் தகட்டில ஒரு சின்ன ஓட்டைக்குள்ள சுத்தும், ஓட்டையைச் சுத்தி ஒரு குழி மாதிரி இருக்கும், அது எண்ணெய் நிக்கிறதுக்கு. அந்தக் குழியில கறுப்பா பச்சையா பிடிச்சிருக்கிறதை எடுக்க வெளிநாட்டில ஒரு ஸ்பெசல் குச்சி விக்கிறாங்கள், எங்களுக்கு விளக்குமாத்து ஈர்க்கு காணும், முனையை பிளேட்டால சீவிட்டு குழிக்குள்ள வச்சுச் சுழட்டுங்கோ, கறுப்பா வரும், முனையைத் திருப்பிச் சீவுங்கோ, வெள்ளையா வெளிய வரும் மட்டும். சரியான பொறுமை வேணும், எனக்கு ரெண்டு பின்னேரம் போச்சு.

பிறகு ஊசி முனையில ஒரு துளி தொட்டு ஒவ்வொரு குழிக்கும் ஒண்டு. குழியில பாதி நிறைஞ்சா காணும், வழிஞ்சா அது தகட்டு வழிய ஓடி அச்சில இருக்கிற எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போயிடும், கூட விட்டா கடைசியில ஒண்டும் மிஞ்சாது. நங்கூரத்தின்ர ரெண்டு நுனிக்கும் அதைவிடச் சின்னத் தொடுகை. பல்லுகளுக்கு விடவே கூடாது, பல்லில எண்ணெய் இருந்தா தூசி ஒட்டும், எங்கட கடக்கரைப் பக்கம் மண்ணும் உப்புக்காத்தும் வேற, உவர்மலையிலயோ டச்சுக்குடாப் பக்கமோ யன்னல் திறந்து வைக்கிற வீடெண்டா கேக்கவே வேண்டாம், அந்தத் தூசி எண்ணெயோட சேந்து அரம் மாதிரி பித்தளையைத் தேச்சுப்போடும்.

துடைக்கேக்க ஒண்டைப் பாத்துக்கொள்ளுங்கோ. சாவியை ஒரு துளி முன்னுக்கும் பின்னுக்கும் அசைச்சா ஏதும் ஒரு அச்சு ஓட்டைக்குள்ள நல்லா இடம் மாறி ஆடுதெண்டா அந்த ஓட்டை தேஞ்சு முட்டை வடிவமாப் போச்சு. அது எங்கட கையால ஏலாத வேலை, ஓட்டையைப் பெருப்பிச்சு புதுப் பித்தளை அடிக்க வேணும், மணிக்கூடு திருத்துறவரிட்ட, பற்றரி போடுவம் எண்டு சொல்லாத ஒருத்தரிட்ட, குடுங்கோ.

ஸ்பிறிங் பக்கம் மட்டும் கை வைக்காதேங்கோ. சுருள் பின்னுக்கு அவிழாமப் பிடிக்கிற ஒரு சின்னக் கொழுக்கி இருக்கு, நான் அதில ஊத்தை இருக்கு எண்டு ஸ்குறூட்ரைவரால ஒரு தட்டுத் தட்டினன், கையில சாவி இருந்தது, அடுத்த செக்கன் சாவி என்ர பெருவிரலைச் சுத்தி எத்தனை தரம் அடிச்சது எண்டு தெரியாது, நகம் கறுத்து விழுந்து புதுசு முளைக்க நாலு மாதம். தகடு ரெண்டையும் பூட்டியிருக்கிற நட்டைக் கழட்டுறதும் அதே ஆபத்துத்தான், ஸ்பிறிங் இறுகி இருக்கேக்க கழட்டினா சில்லுகள் வெடிச்ச மாதிரிப் பறக்கும்.

இப்ப கொழுவுறது. சுவரில சும்மா ஒரு ஆணி அடிச்சு அதில தொங்க விடாதேங்கோ, ட்றில் போட்டு பிளக் வச்சு நல்ல ஸ்குறூ ஒண்டு. பெட்டி சுவரோட அசையாம நிக்க வேணும், கீழ ரெண்டு மூலைக்கும் றப்பர் துண்டு ஒட்டினா நல்லது, இல்லாட்டி பெண்டுலம் ஆட பெட்டியும் கண்ணுக்குத் தெரியாம ஆடும், பெண்டுலத்தின்ர பெலம் சுவருக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில நிண்டிடும். ஹைஜன்ஸ் 1665ல வருத்தமா படுக்கையில கிடக்கேக்க ஒரே மரச்சட்டத்தில தொங்கின ரெண்டு மணிக்கூடு தங்கட பாட்டில ஒண்டுக்கொண்டு எதிர்ப்பக்கமா சேந்து ஆடுறதைக் கண்டவர், சட்டம் வழிய போற அந்தச் சின்ன அசைவுதான் காரணம். அப்ப ஒரே பலகையில ரெண்டைக் கொழுவவும் வேண்டாம்.

பெண்டுலத்தைக் கொழுவி ஆட்டி விட்டிட்டு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ. உண்மையா முழு வேலையிலயும் இதுதான் முக்கியம், நான் இதைத் தெரியாமத்தான் ரெண்டு கிழமை அலைஞ்சன். டிக்... டொக்... டிக்... டொக் எண்டு ஒரே இடைவெளியில கேட்டா சரி. டிக்-டொக்..... டிக்-டொக்..... எண்டு நொண்டி நடக்கிற மாதிரி கேட்டா எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அது நிக்கும். மட்டம் பாக்கிற கருவி வச்சு பெட்டியை நேராக்கினாப் போல சரிவராது, பெட்டி நேரா இருந்தும் நொண்டலாம், கொஞ்சம் சரிஞ்சிருந்து நல்லா ஓடலாம். காது சொல்லுறதுதான் கணக்கு. கீழ்ப்பக்கத்தை இடத்துக்கோ வலத்துக்கோ ஒரு நூலளவு தள்ளிக் கேளுங்கோ, திருப்பித் தள்ளிக் கேளுங்கோ, ஒரு இடத்தில சத்தம் சமமா வரும், அந்த இடத்தில சுவரில பென்சிலால ஒரு கோடு. காது காணாது எண்டா போனில சத்தத்தைப் பதிவு பண்ணி அலையாப் பாருங்கோ, கூம்புகளுக்கு இடையில இடைவெளி ஒரே மாதிரி வருதா எண்டு.

சத்தம் சரியாகிற இடத்தில பெட்டி பாக்கச் சகிக்க ஏலாத அளவுக்குச் சரிஞ்சிருந்தா, பின்னால நங்கூரத்தில இருந்து கீழ இறங்கி பெண்டுலத்தைப் பிடிச்சிருக்கிற கம்பி ஒண்டு இருக்கு, அதைத்தான் ஒரு பக்கமா கொஞ்சம் வளைக்க வேணும். எந்தப் பக்கம் எண்டு மண்டையைப் போட்டு உடைக்காதேங்கோ, ஒரு பக்கம் துளி வளைச்சுக் கேளுங்கோ, நொண்டல் கூடினா மற்றப் பக்கம். எங்கட வீட்டில சின்னவளுக்குத்தான் காது நல்லம், "அப்பா இப்ப நடக்குது, இப்ப ஓடுது" எண்டு கதிரையில ஏறி நிண்டு சொல்லுவாள், நான் வளைக்கிறன்.

ஓடத் தொடங்கினா பிறகு நேரம் பிடிக்க வைக்கிறது. பெண்டுலக் குண்டுக்குக் கீழ ஒரு நட்டு இருக்கும், அதை மேல ஏத்தினா குண்டு ஏறி பெண்டுலம் கட்டையாகி கெதியா ஓடும், இறக்கினா ஆறுதலா ஓடும். இஸ்கூலில ஊசல் எண்டு படிச்சிருப்பீங்கள், குண்டின்ர பாரம் கணக்கில வராது, நீளமும் புவியீர்ப்பும்தான். 25 சென்ரிமீற்றர் பக்கத்தில நீளமிருக்கிற பெண்டுலம் நிமிசத்துக்கு 120 அடி, ஒரு நாளைக்கு 1,72,800 அடி அடிக்கும், அதில குண்டை ஒரே ஒரு மில்லிமீற்றர் ஏத்தினாலே நாளைக்கு கிட்டத்தட்ட 3 நிமிசம் முந்தும். அதால நட்டை முழுச் சுத்து சுத்தாதேங்கோ, கால் சுத்து, ஒரு நாள் விடுங்கோ, அடுத்த நாள் அதே நேரத்துக்கு போனோட ஒப்பிட்டுப் பாத்து எழுதி வையுங்கோ. எங்கட செய்கோஷாவில ஒரு முழுச் சுத்துக்கு ஒண்டரை நிமிசம் மாறுது எண்டு நாலாம் நாள் பிடிச்சிட்டன், பிறகு சுகம்.

இதில எங்கட ஊருக்கெண்டு ஒரு கதை இருக்கு. பூமத்திய கோட்டுப் பக்கம் புவியீர்ப்பு கொஞ்சம் குறைவு. 1672ல ஷோன் ரிஷே எண்ட பிரெஞ்சுக்காரர் பாரிசில சரிபாத்த பெண்டுலம் மணிக்கூட்டை தென்னமெரிக்காவில கயேன் எண்ட இடத்துக்குக் கொண்டு போனார், அது எங்களை மாதிரி கோட்டுக்குக் கிட்ட இருக்கிற ஊர், மணிக்கூடு ஒவ்வொரு நாளும் ரெண்டரை நிமிசம் பிந்தத் தொடங்கிட்டுது, பெண்டுலத்தைக் கட்டையாக்கித்தான் ஓட்டினார். அதே கணக்கில லண்டனில சரியா ஓடுற ஒண்டை திருகோணமலையில கொழுவினா நாளைக்கு 2 நிமிசத்துக்கும் கொஞ்சம் கூட பிந்தும். வெளிநாட்டில இருந்து மாமா கொண்டு வந்து தந்த மணிக்கூடு இங்க பிந்துது எண்டா பழுதெண்டு நினைக்காதேங்கோ, நட்டை ஏத்துங்கோ.

சூடும் ஒரு விசயம். இரும்புக் கம்பி பெண்டுலம் எண்டா 10 பாகை சூடு கூட நாளைக்கு 5 செக்கன் பிந்தும், பித்தளை எண்டா 8. எங்கட ஊரில மாரிக்கும் கச்சான் காத்து அடிக்கிற காலத்துக்கும் இடையில இது காட்டும், கச்சானில மரப்பெட்டியும் காஞ்சு சுருங்கும், அப்ப சத்தத்தை ஒருக்கா திருப்பிக் கேட்டுப் பாருங்கோ. ஆனா 5 செக்கனுக்காக நட்டோட மல்லுக்கட்டுறது என்ர எண்ணத்தில விசர் வேலை.

சாவியை கிழமைக்கு ஒருக்கா, ஒரே நாளில குடுக்க வேணும். 8 நாள் எண்டு செய்து வச்சிருக்கிறதே 7 நாளைக்கு ஒருக்கா குடுத்து ஒரு நாள் மறந்தாலும் நிக்காம இருக்கத்தான். ஸ்பிறிங் இறுகி இருக்கேக்க ஒரு வேகம், தளர்ந்த பிறகு ஒரு வேகம், அதால ஒரு நாள் ஓட்டத்தை மட்டும் வச்சு தீர்ப்புச் சொல்லாம முழுக் கிழமையையும் பாருங்கோ. அம்மப்பா வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச கையோட குடுப்பார்.

மணி அடிக்கிற பக்கத்துக்கு வாறன். நிமிசக் கம்பியை முன்னுக்கு மட்டும்தான் தள்ள வேணும், அதுவும் ஒவ்வொரு மணிக்கும் அரை மணிக்கும் நிப்பாட்டி அது அடிச்சு முடிய விட்டு. ஒரு நாளைக்கு அரை மணி ஒத்தையடியோட சேத்து 180 அடி, 12 மணித்தியாலம் தள்ள வேண்டி வந்தா பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாப்பினம். கனக்க பழைய மணிக்கூட்டில எத்தனை அடிக்கிறது எண்டு ஒரு வெட்டுப் போட்ட சில்லு தன்ர பாட்டில எண்ணிக்கொண்டு போகும், கம்பி எங்க நிக்குது எண்டு அதுக்குத் தெரியாது, அதாலதான் மூண்டு மணிக்கு ஏழு அடிக்கிற கூத்து. சுகமான வழி, அது எத்தனை அடிக்குதோ அந்த எண்ணுக்கு மணிக் கம்பியை மட்டும் மெல்லமா திருப்பி விடுங்கோ, அது அனேகமா இறுக்கத்திலதான் நிக்கும், திரும்பும். பிறகு முழுசா முன்னுக்குத் தள்ளி நேரம் வைக்கலாம்.

பின்னுக்கு வைக்க வேண்டி வந்தா பெண்டுலத்தைக் கையால நிப்பாட்டிட்டு காத்திருக்கிறதுதான் வழி. இதை நான் படிச்சது 1996ல. அந்த வருசம் மே 25 நாடு முழுக்க ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினாங்கள், ஒக்ரோபர் 26 அரை மணித்தியாலம் பின்னுக்கு, மிச்ச அரை மணித்தியாலம் 2006 சித்திரை வருசத்தோடதான் திரும்பி வந்தது. புலிகளின்ர பக்கம் பழைய நேரத்திலயே இருந்தது, அப்ப ஒருத்தரை எத்தனை மணிக்கு வரச் சொன்னாலும் "பழைய நேரமோ புது நேரமோ" எண்டு கேக்காம போக ஏலாது. மே மாதம் அம்மப்பா கம்பியைத் தள்ளினார். ஒக்ரோபரில பெண்டுலத்தை ஒரு விரலால மறிச்சு நிப்பாட்டிட்டு அதுக்குக் கீழ கதிரையைப் போட்டு அரை மணித்தியாலம் பேப்பர் வாசிச்சார், பிறகு எழும்பி தட்டி விட்டார்.

போன் இல்லாம நேரம் சரிபாக்க ஆசை எண்டா சூரியனை வச்சும் பாக்கலாம். முத்தத்தில ஒரு தடியை நூல்குண்டு பிடிச்சு நேரா நட்டு, அடியைச் சுத்தி ஒரு வட்டம் கீறுங்கோ. காலமை நிழல் முனை வட்டத்தைத் தொடுற இடத்திலயும் பின்னேரம் திருப்பித் தொடுற இடத்திலயும் ஒவ்வொரு புள்ளி, ரெண்டு புள்ளிக்கும் நடுவில இருந்து தடியின்ர அடிக்கு ஒரு கோடு இழுத்தா அது சரியான வடக்கு தெற்கு, கோயில் கட்ட நிலம் திசை பாக்கிறவை சங்கு எண்ட முளைக்குச்சி நட்டுப் பாக்கிறதும் இதே முறைதான். நிழல் அந்தக் கோட்டில விழேக்க உச்சிப்பொழுது. ஆனா அது மணிக்கூட்டு 12 இல்ல. எங்கட நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை வச்சு, திருகோணமலை 81.2 பாகையில, அந்த வித்தியாசத்துக்கே 5 நிமிசம், அதோட பூமி ஓடுற வேகமும் சரிவும் சேந்து வருசத்துக்குள்ள கூடிக் குறையும். ஏப்ரல் நடுப்பகுதி, செப்ரெம்பர் தொடக்கம், நத்தார் நேரம் 12.05 அளவில, பெப்ரவரி நடுவில 12.19 அளவில, நவம்பர் தொடக்கத்தில 11.49 அளவில. ஏப்ரல் 12 பக்கமும் ஆகஸ்ட் கடைசியிலயும் இதைச் செய்து பாக்காதேங்கோ, சூரியன் எங்கட உச்சந்தலைக்கு நேர மேல நிக்கும், தடிக்கு நிழலே இருக்காது. அந்த ரெண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில நிழல் தெற்குப் பக்கமா விழும், கோட்டை ரெண்டு பக்கமும் நீட்டி வையுங்கோ.

நிழலோட ஒரு நிமிசம் இங்கால அங்கால வரும், அது காணும். எங்கட மணிக்கூடு இப்ப கிழமைக்கு 40 செக்கன் பிந்துது, வெள்ளிக்கிழமை சாவி குடுக்கேக்க கம்பியை அந்த 40 செக்கனுக்கு ஒரு தட்டுத் தட்டி விடுறன், நட்டைத் தொடுறதில்ல.